மருதானையா, பட்டறையா?

சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த கிழமையில் வெள்ளவத்தைக் காலி வீதியால் நடந்து போகிறவருக்கு, புடவைக் கடைகளின் மேல்மாடிகளிலெல்லாம் தொங்குகின்ற டிப்ளோமாப் பலகைகளைக் கண்டு, இனி இந்நாட்டிலே தொழில் தெரியாதவன் ஒருவனும் மிஞ்சமாட்டான் என்ற பிரமை உண்டாகக்கூடும். அவரே வீட்டிலே குழாய் ஒழுகினால் ஆள் தேடி மூன்று நாள் அலைவார்.

பிள்ளையை எங்கே சேர்ப்பதென்று தயங்கும் பெற்றோர், கட்டடத்தின் அழகை ஒருபுறம் வைத்துவிட்டு, இரண்டு விஷயங்களை முக்கியமாக விசாரிப்பது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் பிள்ளையின் கை கருவியைப் பிடிக்கும், கிடைக்கும் பத்திரம் தேசிய தொழில் தகைமையின் ஏழு படிகளில் எதிலே நிற்கும். நாலாம் படிவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். நிலையத்தின் பதிவு வேறு, பாடநெறியின் அங்கீகாரம் வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கும் சாமர்த்தியம் சிலருக்கு உண்டு.

செய்கையோடு அதன் காரணத்தையும் அறிய விரும்பும் பிள்ளைக்கு, 1893 இல் தோன்றிய மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி பொருத்தம், செலவும் சொற்பம். மோட்டார்த் தொழிலுக்கு, 1959 இல் தொடங்கிய ‘ஜெர்மன் டெக்’ என்னும் இலங்கை-ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தை நான் மேலாகச் சொல்வேன், ஆனால் இடம் கிடைப்பது எளிதன்று. எங்கே சேர்வதானாலும், வகுப்பு எந்த மொழியில் நடக்கிறதென்று முதலிலே கேளுங்கள். தமிழில் படித்த பிள்ளை சிங்கள வகுப்பில் முதல் மாதமே சோர்ந்து போவதுண்டு.

புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி விடுகிற பிள்ளைக்கு, 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட பயிலுநர் முறையே உகந்தது. வேலைத்தலமே அங்கு வகுப்பறை.

அப்படிப் பயிலுநராகப் பதியாமலே தொழில் பழகியவர்களும் அநேகர். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த கராஜ் ஒன்றிலே, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினிலே ஸ்க்ரூட்ரைவரின் நுனியை ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துச் சற்றுநேரம் கேட்டுவிட்டு, “டப்பட் தட்டுது பாஸ்” என்றான். கழற்றிப் பார்த்தால் அதுவேதான். அவனிடம் காகிதத் துண்டு ஒன்றுகூட இல்லை. இத்தகையோர் மறுபடி வகுப்பிலே குந்த வேண்டியதில்லை. அனுபவத்தால் பெற்ற திறமையை மதிப்பீட்டாளர் முன் நிரூபித்தும் தேசியச் சான்றிதழ் பெறலாம். இதை அவனுக்குச் சொன்னபோது, கையைத் துணியிலே துடைத்துக்கொண்டு அவன் கேட்டது ஒன்றுதான்: “எழுதணுமா ஐயா?”