ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வழி கேட்பதும் சி.சி.ஐ.இ. தேர்வும்

கம்ப்யூட்டர் வலைப்பின்னல் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளின் வாயில் அடிக்கடி அடிபடும் பெயர் சி.சி.ஐ.இ. சிஸ்கோ நிறுவனம் 1993இல் தொடங்கிய தேர்வு இது. பெயர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அதில் என்ன கேட்கிறார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட முதல் தடவை தேறாமல் திரும்புவது ஏன் என்பது பெரியவர்களுக்குப் புரிவதில்லை. "ஒரு பரீட்சைக்கு இத்தனை மாதமா, இத்தனை பணமா?" என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆகவே படிக்கிறவருக்கும், அவருக்குச் சோறு போடுகிறவருக்கும் சேர்த்தே இந்தப் பாடம்.

முதலில் இரண்டு மணி நேர எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்கள் மூன்று ஆண்டுகளுக்குள் 'லேப்' எனப்படும் கைத்தேர்வுக்குப் போகலாம். அசல் தேர்வு அதுதான். இந்தியாவில் அது பெங்களூரில் நடக்கிறது. 2001 அக்டோபர் வரை அது இரண்டு நாள் தேர்வாக இருந்தது. இரண்டாம் நாள் தேர்வாளரே மாணவர் கட்டிய வலைப்பின்னலைக் கெடுத்து வைப்பார், அதை மாணவர் சரிசெய்ய வேண்டும். பிறகு ஒரே நாள், எட்டு மணி நேரம் என்று ஆயிற்று. பாடத்திட்டம் பல முறை மாறி, 2020 பிப்ரவரியில் 'ரவுட்டிங் அண்ட் ஸ்விட்சிங்' என்ற பழைய பிரிவு போய் 'என்டர்பிரைஸ்' பிரிவு வந்தது. அதில் முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்பு பற்றிய வினாக்கள். விடை கொடுத்த வினாவுக்குத் திரும்ப முடியாது. மீதி ஐந்து மணி நேரம் ரவுட்டர்களை இயக்கிக் காட்டும் வேலை. இரண்டு பகுதியிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் வாங்க வேண்டும். ஒன்றில் அள்ளி இன்னொன்றில் கோட்டை விட்டால் தேற முடியாது.

இது ஏன் கடினம் என்பதை ஒரே ஒரு கணக்கின் மூலம் காட்டுகிறேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய்க்கும் வாழையிலைக்கும் மீனுக்கும் தில்லித் தமிழர் போகிற இடம், ஆகவே விளக்கத் தேவையில்லை. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் முதல் கடையில் நின்று, சுண்டைக்காய் வற்றல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். கடைக்காரர் முழு வழியையும் சொல்வதில்லை. "மீன் கடையைத் தாண்டிப் போய்க் கேளுங்கள்" என்கிறார். அங்கே இருப்பவர் அடுத்த சந்தைக் காட்டுகிறார். ரவுட்டர் செய்யும் வேலையும் இதுதான். ஒவ்வொரு ரவுட்டருக்கும் தெரிந்தது அடுத்த ஆள் யார் என்பது மட்டுமே.

இப்போது மார்க்கெட்டில் ஒரு பகுதிக் கடைக்காரர்கள் தங்களுக்குள் மலையாளத்திலும், இன்னொரு பகுதியினர் இந்தியிலும் செய்தி பரிமாறிக்கொள்கிறார்கள் என்று வைப்போம். வலைப்பின்னலில் மலையாளத்துக்கு ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்றும் இந்திக்கு ஓ.எஸ்.பி.எஃப். என்றும் பெயர். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் எல்லையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாமவர், இரண்டாமவர் என்போம். ஒரு பக்கச் செய்தியை மறு பக்கத்துக்கு மொழிபெயர்ப்பது இவர்கள் வேலை. இதை 'ரீடிஸ்ட்ரிபியூஷன்' என்பார்கள். ஒரே ஒருவர் மொழிபெயர்த்தால் தொல்லையில்லை. இருவர் செய்யும்போதுதான் வினை.

எப்படி என்று பாருங்கள். வெளியூரிலிருந்து ஒரு செய்தி மலையாளப் பக்கம் வந்து சேர்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு வழிச் செய்தி வந்தால் எதை நம்புவது என்று முடிவுசெய்ய ரவுட்டரில் ஒரு எண் உண்டு. எண் சிறியதானால் நம்பிக்கை அதிகம். வெளியிலிருந்து ஈ.ஐ.ஜி.ஆர்.பி.க்குள் வந்த செய்திக்கு அந்த எண் 170. ஓ.எஸ்.பி.எஃப்.க்கு 110. முதலாமவர் செய்தியை இந்தியில் சொல்கிறார். அது இந்திக் கடைகளைச் சுற்றிக்கொண்டு இரண்டாமவர் காதுக்கு வருகிறது. அவரிடம் அதே செய்தி மலையாளத்தில் நேராகவே இருக்கிறது, ஆனால் அது 170. இந்தியில் வந்ததோ 110. ஆகவே நேர்ச்செய்தியை ஒதுக்கிவிட்டு, சுற்றி வந்ததை நம்புகிறார். பக்கத்துச் சந்தில் இருக்கும் கடைக்கு ஊரைச் சுற்றி ஆளை அனுப்புகிறார்.

இதோடு நின்றாலும் பரவாயில்லை. நம்பிய செய்தியை அவர் மறுபடி மலையாளத்தில் மொழிபெயர்த்துச் சொல்கிறார். அது அசல் வழியைவிடக் குறுக்கு வழி போலத் தோன்றிவிட்டால் மலையாளக் கடைக்காரர்களும் அவரை நம்பிவிடுவார்கள். அவர் இவரைக் காட்ட, இவர் அவரைக் காட்ட, வற்றல் வாங்க வந்தவர் சுற்றிக்கொண்டே இருப்பார். நல்லவேளையாக ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் ஒரு எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். பூஜ்யமானதும் பொட்டலம் தூக்கி எறியப்படும்.

பரிகாரம் என்ன? முதலாமவர் மொழிபெயர்க்கும்போது செய்திக்கு 100 என்று ஒரு அடையாளம் இடட்டும். இந்த அடையாளத்துக்கு 'டேக்' என்று பெயர். இரண்டாமவர் 100ஐக் கண்டால் திரும்ப மலையாளத்தில் சொல்லக் கூடாது. அவர் இடும் அடையாளம் 200. முதலாமவர் அதைக் கண்டால் திருப்பிச் சொல்லக் கூடாது. சுற்றல் நின்றுவிடும். பிங் செய்து பார்த்தால் பதில் வரும். பெரும்பாலான மாணவர்கள் இங்கே மனநிறைவு அடைந்து அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் வினாவில் இன்னொரு வரியும் இருந்திருக்கும்: 'குறைந்த தூர வழியிலேயே செல்ல வேண்டும்.' இரண்டாமவர் இன்னமும் 110ஐத்தானே நம்பிக்கொண்டிருக்கிறார்? திருப்பிச் சொல்வதைத் தடுத்தோமே தவிர, தவறான நம்பிக்கையை மாற்றவில்லை. உடனே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, வெளியிலிருந்து வந்த ஓ.எஸ்.பி.எஃப். செய்திகளுக்கு எண்ணை 171 ஆக்கிவிடும். இந்த நோய் தீரும், இன்னொன்று வரும்: இந்திப் பக்கம் உண்மையிலேயே வெளியிலிருந்து வந்த செய்திகளும் 171 ஆகிவிட, அவை முதலாமவர் வழியாக மலையாளத்தில் 170 என்று வந்து நம்பப்பட்டுவிடும்! 100 என்ற அடையாளமுள்ள செய்திகளை மட்டும் இரண்டாமவரின் வழி அட்டவணைக்குள் விடாமல் வடிகட்டுவது இன்னும் நல்ல வழி. அதிலும் ஒரு குறை உண்டு. மலையாளப் பாதை அறுந்துபோனால் மாற்றுப் பாதை இருக்காது. எந்தக் குறையை ஏற்கலாம் என்பது வினாவின் சொற்களில்தான் ஒளிந்திருக்கும். கேட்டதில் பாதியைச் செய்தால் பாதி மதிப்பெண் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அந்த வினாவே போய்விடும்.

மனப்பாடம் இங்கே எடுபடாது. இருந்தாலும் பழைய வினாக்களின் தொகுப்பை விற்கிற வியாபாரம் பல காலமாக நடக்கிறது. இதைச் சமாளிக்க 2009இல் லேப் தேர்வின் தொடக்கத்தில் சொந்த வார்த்தையில் பதில் எழுதும் சில வினாக்களைச் சேர்த்தார்கள்; அடுத்த ஆண்டே எடுத்தும்விட்டார்கள். விற்பவரிடம் பணம் கொடுத்துப் பெயருக்குப் பின்னால் எண் போட்டுக்கொள்கிறவர், வேலையில் முதல் முறை வலை அறுந்து கிடக்கும் இரவில் என்ன செய்வார்? அத்துடன், பிடிபட்டால் சான்றிதழையும் பறிப்பார்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பயிற்சிக்கு முன்பெல்லாம் பழைய ரவுட்டர்களை வாங்கி அறையில் அடுக்குவார்கள். தில்லி மே மாத வெயிலில் அந்த இரைச்சலும் சூடும் சொல்லி மாளாது. இன்று நல்ல நினைவகம் உள்ள ஒரு கணினி போதும். சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஐந்து ரவுட்டர் வரை இணைக்கலாம். மேலே சொன்ன கணக்குக்கு நான்கே போதும். ஜி.என்.எஸ்.3, ஈ.வி.இ.-என்.ஜி. ஆகியவையும் உண்டு. ஜெஃப் டாயில் எழுதிய 'ரவுட்டிங் டி.சி.பி./ஐ.பி.' முதல் தொகுதி 1998இல் வந்த நூல். அடிப்படைக்கு இன்னும் அதைத்தான் சொல்வேன்.

கணக்கைக் கட்டி முடித்ததும் அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். மூன்றாம் தடவை வேண்டுமென்றே ஒரு கேபிளை அறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் பிங் ஒன்றோடு விடாமல், வழி அட்டவணையைத் திறந்து, பொட்டலம் எந்தச் சந்து வழியே போகிறது என்று பார்க்கும் பழக்கம் விரலுக்கு வர வேண்டும். தேர்வறையில் சிஸ்கோவின் கையேடுகளைப் பார்க்க அனுமதி உண்டு, கூகுள் கிடையாது. எந்தத் தலைப்பு கையேட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கு அந்த அனுமதியால் பயனில்லை.

வீட்டாருக்கு இரண்டு வார்த்தை. லேப் கட்டணம் நெடுங்காலம் 1,600 டாலராக இருந்தது. பணம் கட்டும்போது அன்றைய தொகையை நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். பெங்களூர் போய்வரும் செலவு வேறு. இரண்டு முறைக்கு ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஒரே முறைக்குக் கடன் வாங்கி அனுப்பினால், பிள்ளை ரவுட்டரைப் பார்க்காமல் கடனையே பார்த்துக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டாவது வலைப்பின்னலைத் தொட்டவருக்கே இந்தத் தேர்வைச் சொல்வேன். கல்லூரி முடித்த கையோடு அனுப்ப அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று, பணத்தைவிட அரிதானது. சின்னக் குவார்ட்டர்ஸ் வீட்டில் வாரம் ஒரு நாள், விடாமல் எட்டு மணி நேரம் தொந்தரவில்லாத ஒரு மூலை வேண்டும். நான்கு மணி நேரம் இரண்டு நாள் என்பது அதற்கு ஈடாகாது. ஆறாவது மணியில் மூளை களைத்தபின் செய்யும் பிழைகளைப் பழகத்தான் அந்த நாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் வாங்க வேறு யாராவது ஐ.என்.ஏ. போகட்டும்.

பெங்களூருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். கர்நாடகா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து, களைப்போடு தேர்வறையில் உட்காருவது வீண்செலவு. தேறவில்லையென்றால் எந்தப் பகுதியில் எத்தனை விழுக்காடு என்ற அளவில்தான் அறிக்கை வரும். ஆகவே அறைக்குத் திரும்பிய அன்று இரவே, எந்தெந்தத் தலைப்பில் கை தயங்கியது, எங்கே நேரம் கரைந்தது என்று உங்களுக்காகக் குறித்துக்கொள்ளுங்கள். வினாக்களை எழுதி வெளியே கொடுப்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி கூடாது. தலைப்புகளைக் குறித்துக்கொள்ளத் தடையில்லை.