பிடிஎஃப்பில் தமிழ் இருக்கிறதா? முதலில் நகலெடுத்துப் பாருங்கள்

அரசு சேவைத் தளத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்கச் சொன்னால், பலரும் மூலையில் ஒரு சக்கர நாற்காலிப் படத்தைப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். எழுத்தைப் பெரிதாக்க பிரவுசரிலேயே வழி இருக்கிறது. அந்தப் பொத்தான் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

மவுஸைக் கழற்றி மேசை டிராயரில் போடுங்கள். டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்து ஒரு சான்றிதழ் விண்ணப்பத்தை ஒப்புகைச் சீட்டு வரை கொண்டுபோங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்றே தெரியவில்லையா? கட்டத்தைச் சுற்றிவரும் கோட்டை யாரோ அழகு கருதி நீக்கியிருக்கிறார். திரும்பப் போடச் சொல்லுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்கட்டும். வெளிர்சாம்பல் எழுத்தை நான் எங்குமே விடுவதில்லை.

அடுத்து என்விடிஏ. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும், விண்டோஸில் ஓடும் இலவச ஸ்கிரீன் ரீடர் இது. திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் படிவத்தை நிரப்புங்கள். ‘எடிட், எடிட்’ என்றே சொல்லிக்கொண்டு போனால், கட்டங்களுக்கு லேபிள் இல்லை என்று பொருள். கட்டத்துக்கு மேலே ‘தந்தை பெயர்’ என்று கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, நிரலிலும் அது அந்தக் கட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் கிடந்தால் ஆங்கிலக் குரல்தான் வாயைத் திறக்கும். ஒரு வரி மாற்றம், ஐந்து நிமிட வேலை.

இதுவரை சொன்னதை முயன்றால் எல்லோரும் செய்துவிடுவார்கள். எல்லோரும் வழுக்குவது பிடிஎஃப்பில்.

நமது அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. கண்ணுக்கு அவை சுத்தமான தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்குள் இருப்பவை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். ஓய்வூதிய விதிமுறையைக் கேட்க உட்கார்ந்தவர் காதில் விழுவது வெறும் உளறல்.

சோதனை எளிது. பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்து வந்தால் பழைய எழுத்துரு. ஒன்றுமே நகலாகவில்லை என்றால் ஸ்கேன் செய்த படம். தமிழ் வந்து, கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் பிடிஎஃப்பாக மாற்றும்போது கெட்டது.

பழைய எழுத்துருவென்றால், மூல வேர்ட் கோப்பைத் தேடிப்பிடித்து எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் போடாதீர்கள்! இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றை முன்பே தனியே எடுத்து வையுங்கள். ஸ்கேன் படமென்றால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் உதவும். ஆனால் ண, ன குழம்பும். தொகையையும் தேதியையும் ஒருவர் வாசிக்க, மற்றவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒற்றை ஆளாய்ச் செய்தால் தவறு கட்டாயம் நழுவும்.

பிறகு வேர்டில் ‘பிரின்ட்’ வழியாக பிடிஎஃப் எடுக்காதீர்கள், தலைப்பு, அட்டவணை அமைப்பெல்லாம் போய்விடும். ‘சேவ் ஆஸ்’ வழியாக எடுங்கள். என்னைக் கேட்டால், நாலு பக்க அறிவிப்புக்கு பிடிஎஃப்பே வேண்டாம், சாதாரண இணையப் பக்கமாகப் போடுங்கள். கையொப்பமிட்ட பிரதி வேண்டுமென்றால் பக்கத்தின் அடியில் இணைப்பாக இருக்கட்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று மேலதிகாரி கேட்டால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவைக் காட்டுங்கள். கூடவே 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் வையுங்கள். அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்கு அது. கேமரா முன் கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் அடையாளச் சரிபார்ப்பு அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது.

கேப்ட்சாவும் அதே ரகம்தான். நெளிந்த எழுத்துப் படத்தை எடுத்துவிட்டு ஓடிபி வையுங்கள். அது காலாவதியாகும் நேரத்தை முப்பது நொடியில் முடிக்காதீர்கள். குறுஞ்செய்தியைக் காதால் கேட்டு, படிவத்துக்குத் திரும்பி, கட்டத்தைத் தேடித் தட்டச்சு செய்ய எவ்வளவு நேரமாகிறதென்று திரையை அணைத்துவிட்டு நீங்களே எண்ணிப் பாருங்கள்.