சட்டப் பாடம்: குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன்



நமது சங்கத்திற்கு உதவி நாடி வருவோரில் சிலர் கலங்கிய முகத்தோடு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பையன் மேல் வழக்கு. வியாழக்கிழமை கோர்ட்டு. ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்பார்களாமே, ஒப்புக்கொள்ளச் சொல்லலாமா?" இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூறுவது தவறு. பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு ஒப்புக்கொண்டு பிறகு வருந்துவோரும் உண்டு. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளாமல் கடைசி வரை இழுத்து அதிகத் தண்டனை பெறுவோரும் உண்டு. ஆகவே இவ்விஷயத்தை ஒரு பாடமாகவே எழுதத் துணிந்தோம்.

பேரம் என்பது யாது?

குற்ற வழக்கில் அரசாங்கத் தரப்பாரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் பேசி ஓர் இணக்கத்திற்கு வருவதையே ஒப்புதல் பேரம் என்கிறோம். இது மூன்று வகையாக நடைபெறும். கடுமையான குற்றச்சாட்டை மாற்றி இலகுவான குற்றச்சாட்டை வைப்பது ஒன்று. பல குற்றச்சாட்டுகளுள் சிலவற்றை மட்டும் நடத்தி, மற்றவற்றைத் தண்டனை விதிக்கும்போது கவனத்தில் கொள்ளும்படி விடுவது இரண்டாவது. தண்டனையின் அளவைப் பற்றிப் பேசுவது மூன்றாவது.

அரசாங்கம் ஏன் இதற்கு இணங்குகிறது? சாட்சிகளை அழைத்து நாட்கணக்கில் விசாரிக்கும் செலவும் காலமும் மிச்சமாகின்றன. பாதிக்கப்பட்டவர் கூண்டிலேறித் தம் துயரத்தை மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் இது எவ்வளவு தூரம் சென்றுவிட்டது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012-ல் அளித்த ஒரு தீர்ப்பில், மத்திய கோர்ட்டுகளில் குற்றவாளிகளெனத் தீர்மானிக்கப்படுவோரில் 97 சதவிகிதமும், மாநிலக் கோர்ட்டுகளில் 94 சதவிகிதமும் ஒப்புதலாலேயே அவ்வாறு ஆகின்றனர் என்று குறிப்பிட்டது. அங்கே விசாரணை விதிவிலக்காகவும் ஒப்புதலே விதியாகவும் மாறிவிட்டன.

மலேசியாவில்

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒப்புதல் பேரத்திற்கான பிரிவுகள் 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் நடப்புக்கு வந்தன. விசாரணை கோரியவர் பிறகு பேரத்திற்கு மனுச் செய்துகொள்ளலாம். தண்டனையின் தன்மையையும் அளவையும் அறிந்து, தம் சுய விருப்பத்தோடு மனுச் செய்வதாக அவர் உறுதி கூற வேண்டும். நீதிபதி அவரைத் தனியறையில் விசாரித்து, இது கட்டாயத்தினால் வந்த மனுவா என்று ஆராய வேண்டும். கட்டாயம் என்று கண்டால் மனு தள்ளப்படும். வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போகும்.

தண்டனையைப் பற்றிய பேரமாயின், சட்டம் விதிக்கும் உச்ச தண்டனையில் பாதிக்கு மேற்படாமல் விதிப்பது பொது விதி. கடுங்குற்றங்களுக்கும், முன்பு அதே வகைக் குற்றத்திற்குத் தண்டனை பெற்றவர்களுக்கும் இச்சலுகை இல்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பாதி குறைகிறது" என்றால், தமக்குக் கிடைக்கவிருந்த தண்டனையில் பாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியன்று. மலேசியாவில் சாதாரணத் திருட்டுக்கு உச்ச தண்டனை 7 ஆண்டுச் சிறை. அதில் பாதி மூன்றரை ஆண்டு. முதன்முறையாகச் சிறு பொருளைத் திருடிப் பிடிபட்ட ஒருவருக்கு எப்படியும் அவ்வளவு நீண்ட சிறை கிடைத்திராது. பாதி என்பது மேல் வரம்பேயன்றி இனாம் அல்ல. ஆகவே, இதே போன்ற வழக்குகளில் வழக்கமாக எவ்வளவு விதிக்கிறார்கள் என்பதையே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில்

சிங்கப்பூரில், குற்றச்சாட்டைக் குறைக்கும்படியோ கைவிடும்படியோ தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்திற்கு எழுத்து மூலம் முறையிடுவது வழக்கம். இணங்குவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். இரு தரப்பாரும் எவ்வளவு பேசி முடித்தாலும் தண்டனை விதிப்பவர் நீதிபதியே; அந்தப் பேச்சு அவரைக் கட்டுப்படுத்தாது.

2023-ம் ஆண்டு அக்டோபர் முதல், ஒப்புக்கொள்வோருக்குத் தண்டனைக் குறைப்புப் பற்றிய வழிகாட்டி நெறிகள் அமலில் உள்ளன. ஆரம்பக் கட்டத்திலேயே ஒப்புக்கொண்டால் 30 சதவிகிதம் வரை குறையலாம். அடுத்த கட்டத்தில் 20, அதற்கடுத்து 10, விசாரணை தொடங்கிவிட்டால் 5 சதவிகிதம் வரை. பத்து மாதச் சிறைக்குரிய குற்றத்தில் முதலிலேயே ஒப்புக்கொண்டவர் ஏழு மாதம் பெறலாம். விசாரணை நாளில் ஒப்புக்கொண்டவர் ஒன்பதரை மாதம் பெறலாம். இவை வழிகாட்டிகளே, நீதிபதி இவற்றைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்பதில்லை.

குற்றம் செய்தவருக்கு இது நல்ல வழி. செய்யாதவருக்கோ இது பெரிய சோதனை. "இப்போது ஏழு மாதமா, தோற்றால் பத்து மாதமா?" என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் நிரபராதிக்கும் கால் தடுமாறும்.

ஓர் உதாரணம்

நாமே கற்பித்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு வாலிபர் தெரிந்தவரிடம் 150 வெள்ளிக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்குகிறார். அது திருட்டுப் பொருள் என்று போலீசார் அவரைப் பிடிக்கின்றனர். "ஒப்புக்கொள் தம்பி, அபராதத்தோடு முடிந்துவிடும்" என்கிறார் நண்பர். வாலிபரும் கோர்ட்டில் ஒப்புக்கொள்கிறார். பிறகு கருணை வேண்டும்போது, "ஐயா, அது திருட்டுப் பொருள் என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்கிறார்.

திருட்டுப் பொருளை வாங்கிய குற்றத்திற்கு, அது திருட்டுப் பொருளென்று அறிந்திருப்பதோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருப்பதோ இன்றியமையாதது. அது தமக்கில்லை என்று சொல்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவராகார். நிபந்தனையோடு கூடிய ஒப்புதலை ஏற்கக் கூடாது என்பது இரு நாட்டுச் சட்டமும் ஆகும். அவ்வாலிபர் வாய் திறந்ததால் தப்பினார். வழக்கு விசாரணைக்குப் போகும். அவர் மௌனமாக நின்றிருந்தால்? குற்றவாளியென்ற பதிவு நிலைத்துவிடும். ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே அப்பீல் செய்யலாம். "நான் குற்றவாளியல்ல" என்று சாதாரணமாக அப்பீல் செய்ய இயலாது.

கம்பெனிகளுக்கு வேறு வழியா?

இனி, பத்திரிகைகளில் அடிபடும் மற்றொரு வகை: வழக்கை ஒத்திவைக்கும் உடன்பாடு. கம்பெனி மீது குற்றச்சாட்டு வைக்கப்படும். ஆனால் வழக்கு நிறுத்தி வைக்கப்படும். குறித்த காலத்திற்குள் கம்பெனி அபராதம் கட்டி, தவறான லாபத்தைத் திருப்பிக் கொடுத்து, உள்நிர்வாகத்தைச் சீர்செய்து, விசாரணைக்கு ஒத்துழைத்தால் வழக்கு கைவிடப்படும். தவறினால் மீண்டும் உயிர்பெறும்.

இதன் அவசியத்தை உணர்த்தியது அமெரிக்காவின் ஆர்தர் ஆண்டர்சன் என்ற கணக்காய்வு நிறுவனத்தின் கதை. என்ரான் கம்பெனி விவகாரத்தில் பத்திரங்களை அழித்ததாக 2002-ல் அது குற்றவாளியாகத் தீர்மானிக்கப்பட்டது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. ஆனால் அதற்குள் நிறுவனமே சிதறிப்போயிற்று. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 28,000 பேர் அங்கே வேலை பார்த்து வந்தனர். பத்திரங்களைத் தொட்டும் பாராத குமாஸ்தாக்களும் வேலையிழந்தனர்.

பிரிட்டன் 2013-ல் இதற்குச் சட்டம் இயற்றியது. சிங்கப்பூர் பாராளுமன்றம் 2018-ல் இயற்றியது. சிங்கப்பூரில் இது கம்பெனிகளுக்கும் பிற அமைப்புகளுக்கும் மட்டுமே. தனி மனிதருக்கு இல்லை. நிபந்தனைகள் நியாயமானவை, குற்றத்திற்கு ஏற்ற அளவினவை, நீதியின் நலனுக்கு உகந்தவை என்று உயர்நீதிமன்றம் அங்கீகரித்தால்தான் செல்லும்.

"பணமுள்ளவனுக்கு ஒரு நீதி, இல்லாதவனுக்கு ஒரு நீதியா?" என்று கேட்பீர்கள். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. லஞ்சம் கொடுத்த தனி மனிதர் மீது வழக்கு நடத்தாமல் கம்பெனி அபராதம் மட்டும் வாங்கினால், அந்தப் பணம் பங்குதாரர் பையிலிருந்தே போகிறது. தவறு செய்தவருக்கு நோகாது. எதிர்ப்புறத்திலும் அபாயமுண்டு. பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனம் 2017-ல் கணக்குக் குளறுபடிக்காக சுமார் 12 கோடியே 90 லட்சம் பவுன் அபராதத்திற்கு உடன்பட்டது. ஆனால் அதே விவகாரத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் நிர்வாகிகள் மூவரும் பிறகு குற்றமற்றவர்களென விடுதலையாயினர். நிறுவனம் தன் நிம்மதிக்காக ஒப்புக்கொண்டது, அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாத மனிதர் மீது கறையாகப் படிந்தது. பிறர் செய்துகொள்ளும் உடன்பாடும் நம்மைத் தொடக்கூடும் என்பதே இதன் படிப்பினை.

நினைவிற் கொள்க

1. குற்றச்சாட்டின் ஒவ்வொரு வார்த்தையையும் தமிழில் விளக்கும்படி துவிபாஷியிடம் கேளுங்கள். புரியாததற்குத் தலையாட்ட வேண்டாம்.

2. அரசாங்கத் தரப்பார் வாசிக்கும் சம்பவ விவரத்தில் பொய்யான ஒரு வரி இருந்தாலும், ஒப்புக்கொள்ளுமுன் அதைச் சொல்லுங்கள்.

3. வக்கீல் வைக்க வசதியில்லையெனில் உதவி உண்டு. சிங்கப்பூரில் 2022-ல் பொதுத் தற்காப்பு அலுவலகம் அமைந்தது. மலேசியாவில் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் இயங்கி வருகிறது. தகுதி விதிகளை நேரில் விசாரித்து அறியுங்கள்.

4. செய்தது உண்மையானால் தாமதியாது ஒப்புக்கொள்ளுங்கள்; பறித்ததைத் திருப்பிக் கொடுங்கள்.

5. செய்யாததை, வேலைக்கு விடுப்புக் கிடைக்காது என்பதற்காகவோ, ஊரார் பேச்சுக்கு அஞ்சியோ ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகனிடம் "எவ்வளவு குறையும்?" என்று கேட்குமுன், "நீ செய்தாயா?" என்று தனியே அமர்ந்து கேளுங்கள். அவன் கூறும் உண்மையான பதில் தெரிந்த பிறகே மற்றக் கணக்கெல்லாம்.