வழிகாட்டி ஆசிரியராகப் புதிதாய்ப் பொறுப்பேற்றவர்களுக்கு

அரசு மேல்நிலைப் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பை முதன்முதலாக ஏற்றிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பாட வேளைகளுக்கு மேல் கூடுதல் சுமையாகத்தான் இந்த வேலை பெரும்பாலும் வந்து சேரும். 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கியபின் பள்ளிக்குள் இதற்கென்று ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் நாம் செய்வது விண்ணப்பம் நிரப்பும் வேலை மட்டும்தான். பிள்ளையின் பாதை அதற்கு இரண்டு வருடம் முன்பே, பிளஸ் ஒன்னில் குரூப் எடுத்த அன்றே பாதி முடிவாகிவிடுகிறது. தாவரவியல், விலங்கியல் உள்ள பிரிவை எடுத்துக் கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல் கலந்தாய்வில் இடமில்லை. சட்டப் படிப்புக்கோ சி.ஏ.வுக்கோ எந்தக் குரூப்பும் தடையில்லை. தொழிற்கல்விப் பிரிவில் படித்தவருக்குப் பொறியியலில் தனி ஒதுக்கீடே உண்டு. பல ஊர்களில் அந்தப் பிரிவை மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாக வைத்திருக்கிறார்கள். அது பெரிய அநியாயம். ‘சிநேகிதி எடுத்தாள், நானும் எடுத்தேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்று மாலை அவளோடு கால் மணி நேரம் உட்காருங்கள்.

2. டி.சி. கேட்டு வரும் பெற்றோரைப் பேசாமல் அனுப்பாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவருக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் தொழிற்கல்லூரியில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை ‘இனிமேலாவது நல்ல ஸ்கூல்ல படிக்கட்டும்’ என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கும் அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தபின் அவர் எடுக்கும் முடிவு அவருடையது. தெரியாமல் இழந்தால் பொறுப்பு நம்முடையது.

3. கட்-ஆஃப் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். பொறியியலுக்குக் கணிதம் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கு. கணிதம் 84, இயற்பியல் 76, வேதியியல் 82 வாங்கியவருக்கு 84, 38, 41. மொத்தம் 200க்கு 163. இயற்பியலில் பத்து மார்க் ஏறினால் கட்-ஆஃப் ஐந்துதான் ஏறும், கணிதத்தில் பத்து ஏறினால் பத்தும் ஏறும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும் நேரத்தில் வகுப்பைப் பாருங்கள். பின் பெஞ்சில் இருப்பவன்கூடத் தன் காலாண்டு மார்க்கை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பிப்பான். ஆயிரம் ஊக்க உரை செய்யாததை அந்த ஒரு கணக்கு செய்யும்.

4. ஐடிஐ, பாலிடெக்னிக்கைத் தோற்றவர்களின் புகலிடமாகப் பேசாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்தவருக்குப் பாலிடெக்னிக் மூன்று வருடம். பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்தவர் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருடத்துக்குப் போகலாம். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பட்டப்படிப்புக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டயப் படிப்புக்கும் ஐடிஐக்கும் அது உண்டு. பக்கத்து அரசு ஐடிஐக்கு ஒன்பதாம் வகுப்பை ஒருநாள் கூட்டிப்போங்கள். லேத் ஓடுவதை நேரில் பார்க்கட்டும். பெண் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

சென்னை கிண்டியில் உள்ள பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட், சேலத்தில் உள்ள கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், மாமல்லபுரம் கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரி ஆகியவற்றின் பெயரையாவது பிள்ளைகள் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். டாக்டர், இன்ஜினியர், கலெக்டர், போலீஸ் என்ற நான்கையே திரும்பத் திரும்பச் சொல்வது அவர்கள் குற்றமல்ல. வேறெதையும் அவர்கள் காதில் யாரும் போடவில்லை.

5. சான்றிதழ்களை இப்போதே பாருங்கள். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். ஒரு பிள்ளையின் காகிதங்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். அப்பா பெயர் ஒன்றில் கருப்பசாமி, சாதிச் சான்றிதழில் கருப்பையா. பிறந்த தேதி பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று. கலந்தாய்வின்போது இது தெரியவந்தால் தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைவதற்குள் கடைசித் தேதி போய்விடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போதே எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம், குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் பெயர் வாரியாக எழுதி, கிடைத்தவற்றை டிக் அடித்து வாருங்கள். பெற்றோர் இல்லாத, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகளின் பக்கத்தை முதலில் திறங்கள். அவர்களுக்காக அலைய வேறு ஆள் இருக்காது.

6. நாட்டத் தேர்வின் முடிவைத் தீர்ப்பாக வாசிக்காதீர்கள். பேச்சைத் தொடங்க அது உதவும், அவ்வளவுதான்.

7. ஏப்ரல், மே மாதங்களில் சில தனியார் கல்லூரிகளின் ஆட்கள் இனிப்புப் பெட்டியோடு வருவார்கள். பிளஸ் டூ பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் செல்பேசி எண்களும் கேட்பார்கள். சேர்க்கைக்கு இவ்வளவு என்று ‘அன்பளிப்பு’ பேசுவார்கள். கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். நம்மை நம்பித்தான் பெற்றோர் அந்த எண்ணைப் பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

8. ‘பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது?’ என்று ஓர் அம்மா கேட்டால் பெண் கல்வி பற்றிச் சொற்பொழிவு ஆற்றாதீர்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு, நலத்துறை விடுதி எங்கே, வார்டன் யார் என்று சொல்லுங்கள். அதே கல்லூரியில் படிக்கும் உங்கள் பழைய மாணவியைப் போனில் பேசவையுங்கள். அம்மாவின் பயத்துக்கு அவள்தான் சரியான பதில்.

9. ரிசல்ட் அன்று பாஸானவர்கள் தாங்களே வந்து நிற்பார்கள். ஃபெயிலானவர் வரமாட்டார், நீங்கள் போக வேண்டும், அதுவும் அன்றைக்கே. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி, அதில் தேறினால் அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம் என்ற செய்தி, பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு என்ற தகவல் ஆகிய மூன்றையும் பிள்ளையிடமும் அப்பா அம்மாவிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். மனம் உடைந்திருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணைக் கொடுங்கள்; அதோடு உங்கள் எண்ணையும் கொடுங்கள்.

10. ஜூலை கடைசியில் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த ஒவ்வொரு பெயருக்கும் நேராக அவர் எங்கே சேர்ந்தார் என்று எழுதுங்கள். சில பெயர்களுக்கு நேரே எழுத ஒன்றும் இருக்காது. பனியன் கம்பெனிக்குப் போயிருப்பார்கள், செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள், கல்யாணம் பேசியிருப்பார்கள். அவர்களுக்காகவே ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன. கலை அறிவியல் கல்லூரிகளிலும் ஐடிஐக்களிலும் அப்போதும் காலி இடம் இருக்கும். முகாம் நடக்கும் நாளுக்கு முன்னதாக அந்த வீடுகளுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.