முடக்குவாதமும் செவியும்



மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து முடக்குவாதத்தோடு வரும் தாய்மார் சிலர், நாங்கள் கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் அசைப்பார்கள். வலியின் சோர்வு என்றே எண்ணினோம். காதும் மந்தமாயிருந்ததை அறியத் தவறினோம்.

முடக்குவாதம் கைகால் மூட்டுகளோடு நிற்பதல்ல. நடுச்செவியில் உள்ள 3 சிற்றெலும்புகளின் இடையிலும் மூட்டுகள் உண்டு. இந்நோய் அவற்றையும் உட்செவியையும் பாதிக்கக்கூடும். வலிக்காக ஆஸ்பிரின் மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டாலும் காதில் இரைச்சலும் மந்தமும் வரும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

உங்கள் வீட்டிலோ சபையிலோ மூட்டு வீங்கிய ஒருவர் கூப்பிட்டும் திரும்பவில்லையானால், பிடிவாதம் என்று கடிந்துகொள்ளாதீர்கள். எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாய்ப் பேசுங்கள். காதுப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.