இரப்பர் இலையில் மலரும் பூக்கள்

குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால், மக்கள் நிறம் மாறிய இலைகளையும் உலர்ந்த காய்களையும் கொண்டு இல்லத்தை அழகு செய்வர். அத்தகைய பருவம் நமக்கு இல்லையென நாம் எண்ணுகிறோம். ஆனால், இரப்பர்த் தோட்டங்களுக்கு அது ஆண்டுதோறும் வருகிறது. மலேசியாவில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட நாள்களில் பால்மரங்களின் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறி உதிர்கின்றன.

மரத்திற்கு இது தற்காப்பு. இலை வழியே நீர் ஆவியாகி வீணாவதை அது தடுத்துக்கொள்கிறது. பின்னர் புதுத் தளிர் விடுகிறது. தளிர் வளரச் சேமித்த உணவு செலவாவதால் பால் குறைகிறது. பாலின் அளவுக்கேற்பக் கூலி பெறுவோரின் வருவாயும் குறைகிறது. அந்நாள்களில் காசு கொடுத்து அலங்காரப் பொருள் வாங்குவானேன்? மரம் உதிர்த்ததைக் கொண்டே வீட்டை அழகு செய்வோம்.

பால்மரத்தின் ஒவ்வோர் இலைக்காம்பிலும் 3 சிற்றிலைகள் உண்டு. முதிர்ந்த, கிழியாத, பூச்சி அரிக்காத சிற்றிலைகளைப் பொறுக்கி, வாளி நீரில் அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வைக்கவேண்டும். ஏறக்குறைய 3 அல்லது 4 வாரங்களில் இலையின் சதைப்பகுதி அழுகிக் குழைந்துவிடும். உறுதியான நரம்புகள் மட்டும் நிலைத்திருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் பெருகும். ஆகவே, வாளியை இறுக மூடி வைப்பதோடு, சில நாள்களுக்கு ஒருமுறை நீரையும் மாற்றவேண்டும்.

குழைந்த இலையைத் தட்டையான பலகையில் பரப்பி, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவினால், சல்லடைத் துணி போன்ற நரம்புவலை கிடைக்கும். வேரிலிருந்து நீரைக் கொண்டுவந்ததும், இலை சமைத்த உணவை மரத்திற்கு அனுப்பியதும் இந்நரம்புகளே. பாடநூலில் படித்ததை இங்கே நம் கண்ணால் காண்கிறோம்.

மஞ்சள்தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்தால் மஞ்சள் நிறமும், சங்குப்பூ ஊறிய நீரில் இட்டால் நீல நிறமும் ஏறும். பின்னர், செய்தித்தாள்களுக்கிடையே வைத்து உலர்த்தவேண்டும். 5 இலைகளை இதழ்களாக அடுக்கி, மெல்லிய கம்பியின் முனையில் நூலால் கட்டினால் அழகிய மலர் உருவாகும். கண்ணாடிப் புட்டியில் இரப்பர் விதைகளை நிரப்பிக் காம்புகளை அதில் நட்டால், மலர்கள் சாயாமல் நிற்கும். பச்சை விதையின் பருப்பில் நச்சுண்டு. சிறுவர்கள் அதை வாயில் வைத்தலாகாது.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. அங்கு வாழ்வோர் அரச மரத்தடியில் உதிர்ந்த இலைகளைக் கொண்டு இதே முறையில் செய்யலாம்.

கடையில் வாங்கிய நெகிழிப்பூ பணத்தின் அளவைக் காட்டும். நம் பிள்ளைகள் செய்த இலைப்பூவோ அவர்களின் பொறுமையையும் உழைப்பையும் காட்டும். வருவாய் குறைந்த மாதத்திலும் வீடு பொலிவிழக்க வேண்டியதில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து செய்து பார்ப்போமாக!