பீட் நிலமும் பறவைகளும்

மரம் நடுதல் நற்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், எந்த நிலத்தில் எந்த மரத்தை நடுவது என்று ஆராயாமல் செய்யும் நடவு தீங்காக முடிதலும் உண்டு. இதற்குத் தக்க சான்று ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ளது. அங்கே பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, வளர்ந்து நின்ற மரங்களை வெட்டி அகற்றியே பறவைகளையும் தட்பவெப்ப நிலையையும் காக்க முற்பட்டது. அதன் காரணத்தையும் முறையையும் பயனையும் இங்குக் காண்போம்.

பீட் என்பது யாது?

கெய்த்னஸ், சதர்லாந்து என்னும் பகுதிகளில் சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ‘ஃபுளோ கன்ட்ரி’ எனப்படும் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. இங்கு ஸ்பாக்னம் என்னும் மாஸ் வகைத் தாவரம் செழித்து வளர்கிறது. அது தன் உலர்ந்த எடையைப் போல் சுமார் 20 மடங்கு நீரைத் தன்னுள் தாங்க வல்லது. நீர் தேங்கிய மண்ணில் பிராணவாயு புகுவதில்லை. ஆதலால் மடிந்த தாவரங்கள் முற்றிலும் மக்குவதில்லை. அவை அடுக்கடுக்காகப் படிந்து பழுப்பு நிறமான பீட் ஆகின்றன. இப்படிவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உயரும். எனவே ஒரு மீட்டர் ஆழமுள்ள பீட் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். ஃபுளோ கன்ட்ரியின் சில இடங்களில் இதன் ஆழம் 10 மீட்டரை எட்டுகிறது.

தாவரங்கள் காற்றிலிருந்து பெற்ற கார்பன் இப்படிவில் அடங்கியுள்ளது. ஃபுளோ கன்ட்ரியில் மட்டும் சுமார் 40 கோடி டன் கார்பன் இருப்பதாக மதிப்பிட்டுள்ளனர். உலக நிலப்பரப்பில் பீட் நிலம் ஏறத்தாழ 3 சதவீதமே. ஆயினும் உலகக் காடுகளின் மரஞ்செடிகளில் உள்ளதினும் மிகுதியான கார்பன் அதில் உள்ளது. நீரை வடித்துவிட்டால் பீட்டினுள் காற்று புகும். நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும். நெடுங்காலச் சேமிப்பு கரியமில வாயுவாக வெளியேறும்.

நேர்ந்த கேடு

1970, 1980ஆம் ஆண்டுகளில் மர நடவுக்கு பிரிட்டிஷ் அரசு வரிச்சலுகை அளித்து வந்தது. இதனால் ஈர்க்கப்பட்ட முதலீட்டாளர்கள் சதுப்பு நிலத்தை ஆழ உழுது, வடிகால் வெட்டி, வட அமெரிக்காவைச் சேர்ந்த சிட்கா ஸ்புரூஸ், லாட்ஜ்போல் பைன் ஆகிய ஊசியிலை மரங்களை நட்டனர். வடிகால்கள் நீரைக் கடத்தின. வேர்கள் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சின. நிழலில் ஸ்பாக்னம் நலிந்தது.

பொன்னிற உப்புக்கொத்தி, டன்லின் என்னும் உள்ளான் வகை, பச்சைக்காலி ஆகியவை மரமற்ற திறந்த வெளியில் கூடு கட்டுபவை. தோப்பின் எல்லையிலிருந்து சுமார் 700 மீட்டர் தொலைவு வரையிலும் உப்புக்கொத்தியும் டன்லினும் குறைந்தே காணப்பட்டன என்று ஆய்வாளர் கண்டனர். அஃதாவது, நட்ட நிலம் மட்டுமன்றி அதனைச் சூழ்ந்த நிலமும் பறவைகளுக்குப் பயன்படாமற் போயிற்று. 1988இல் வரிச்சலுகை நீக்கப்பட்டது.

சங்கத்தின் பணி

பறவை இறகுகளால் தொப்பிகளை அலங்கரிக்கும் வழக்கத்தை எதிர்த்துப் பெண்மணிகள் சிலர் 1889இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே தோற்றுவித்த சங்கமே, 1904இல் அரச சாசனம் பெற்று ‘ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கம்’ ஆயிற்று. 1995இல் இச்சங்கம் ஃபார்சினார்ட் என்னுமிடத்தில் நிலத்தை விலைக்கு வாங்கியது. அங்குள்ள அதன் காப்பிடம் இன்று 20,000 ஹெக்டேருக்கும் மேற்பட்டது. அங்கு நடைபெறும் பணி மூவகைப்படும்:

1. தோப்பு மரங்களை வெட்டி அகற்றுதல்.
2. வடிகால்களில் சிறு அணைகள் இட்டு நீரைத் தேக்குதல்.
3. உழுசால்களின் மேடுபள்ளங்களைச் சமன் செய்தல்.

முதலிரண்டு பணிகளால் மட்டும் உழுசால் மேடுகள் முழுதும் நனையவில்லை. இதனைக் கண்டபின்னரே மூன்றாவது பணி சேர்க்கப்பட்டது.

கண்ட பயன்

மரம் வெட்டிய இரு நிலங்களில் கரியமில வாயுவின் போக்குவரவை ஆய்வாளர் அளந்தனர். வெட்டிப் பத்தாண்டுகளே ஆகியிருந்த நிலம், உட்கொண்டதைவிட மிகுதியாக வாயுவை வெளிவிட்டுக் கொண்டிருந்தது. 16 ஆண்டுகள் கடந்த நிலமோ, வெளிவிட்டதைவிட மிகுதியாக உட்கொண்டது. சில பத்தாண்டுகளில் விளைந்த கேட்டைச் சீர்செய்யவும் பொறுமை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பறவைகளின் உணவும் ஈரத்தைச் சார்ந்ததே. உப்புக்கொத்தியின் குஞ்சுகள், கொசுவைப் போன்று நீண்ட கால்களையுடைய ‘கிரேன் ஈ’ என்னும் பூச்சியைப் பெரிதும் உண்கின்றன. அதன் புழுக்கள் ஈரமான மேற்பீட்டில் வாழ்வன. கோடை கடுமையாகி மண் உலர்ந்தால் அவை மடியும். மறு ஆண்டு குஞ்சுகளுக்கு உணவு குறையும். பிரிட்டனின் மேட்டு நிலங்களில் வடிகாலை அடைத்த இடங்களில் இப்பூச்சிகள் பெருகின. ஆகவே, கார்பனைக் காக்கும் நீரே, வெப்பம் மிகும் காலத்தில் பறவைக்கும் துணையாகிறது. 2024இல் ஃபுளோ கன்ட்ரியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது.

நமக்குரிய பாடம்

நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த புல்வெளிகளிலும் சீகை, யூகலிப்டஸ், பைன் ஆகிய அயல்நாட்டு மரங்கள் நடப்பட்டன. இதனால் நீலகிரி நெட்டைக்காலி போன்ற புல்வெளிப் பறவைகள் வாழிடம் இழந்தன. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களிலும் பீட் உண்டு. அதன் அடுக்குகளைக் கொண்டு பண்டைய தட்பவெப்ப நிலையை அறிஞர் ஆராய்ந்துள்ளனர்.

எல்லா இடங்களிலும் மரங்களை வெட்ட வேண்டும் என்பது இதன் பொருளன்று. நடவுக்குமுன் களப்பணியாளர் மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்: அந்நிலம் இயல்பாகவே மரமற்றதா? அதன் நீர் எங்கே தேங்கி, எவ்வழி ஓடுகிறது? அங்கே தரையில் கூடு கட்டும் உயிரினங்கள் எவை? மரமற்ற நிலம் யாவும் தரிசு நிலம் அன்று.

வகுப்பறைச் சோதனை

இரு கண்ணாடிச் சாடிகளில் சம அளவு வைக்கோலும் சிறிது தோட்ட மண்ணும் இடுக. ஒன்றில் வைக்கோல் மூழ்குமாறு நீரூற்றி மூடுக. மற்றதைத் திறந்து வைத்து, ஈரம் மட்டும் காயாமல் காக்க. சில வாரங்கள் சென்றபின் எது விரைந்து மக்கியுள்ளது என்பதையும், அதன் காரணத்தையும் மாணவர்களே எழுதுமாறு செய்க.

வினாக்கள்

1. நீர் தேங்கிய நிலத்தில் தாவரங்கள் முற்றிலும் மக்காமைக்குக் காரணம் யாது?
2. தோப்பின் தீங்கு அதன் எல்லைக்கு அப்பாலும் சென்றது எவ்வாறு?
3. உங்கள் ஊரில் ‘தரிசு’ எனப்படும் நிலம் ஒன்றைப் பார்வையிட்டு, அங்கு வாழும் உயிரினங்களைப் பட்டியலிடுக.